நாலாவது கிளாஸ்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதுகிற நான் போர்பன் குடித்ததில்லை. போர்பன் என்றால் எனக்கு ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் பிஸ்கட்தான். நடுவில் சாக்லெட் கிரீம், மேலே சர்க்கரைத் தூவல். அது அமெரிக்காவில் மக்காச்சோளத்திலிருந்து காய்ச்சுகிற விஸ்கியின் பெயரும்கூட என்பது போன வருஷம் வேலூரில் ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில்தான் தெரிந்தது. கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தேன். பல்வலிக்குக் கை வைத்தியம் என்று போனில் தேட, அது கிராம்பு, பிராந்தி, விஸ்கி என்று படிப்படியாக இழுத்துக்கொண்டு போய், யாரோ ஒரு வெள்ளைக்காரர் பதினொரு போர்பன்களை வரிசையாகக் குடித்து மார்க் போட்டிருந்த பக்கத்தில் விட்டது.

ருசிக்கு இத்தனை மார்க், கொடுத்த காசுக்குத் தகுமா என்பதற்கு இத்தனை மார்க். ஒன்றில் வெண்ணிலா மணக்கிறதாம். ஒன்றில் வறுத்த வேர்க்கடலை. இன்னொன்றைக் குடித்தால் பழைய தோல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த நினைவு வருகிறதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கன்னம் வலித்தது. அந்த ஆளின் பாஷை எனக்கு அத்துப்படி. ஆரணியில் இருபத்திரண்டு வருஷம் பட்டுக் கடை மெத்தையில் உட்கார்ந்து புடவை விரித்துப் போட்டவன் நான். 'கையில எடுத்துப் பாருங்கம்மா, வெண்ணெய் மாதிரி வழியும்', 'இந்தக் கலரு காலைல ஒண்ணு காட்டும், சாயந்திரம் ஒண்ணு காட்டும்.' அதெல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. வாங்க வந்தவர் தலையாட்டிவிட்டால் அது உண்மை.

சரி, அந்த வெள்ளைக்காரர் செய்த வேலையை ஆரணியில் நாலு பேர் செய்தால் எப்படி இருக்கும் என்று ஒரு கிண்டல் கதை எழுதலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் திட்டம். சிரிக்க வைத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். தலைப்பை மட்டும் கடைசியில் மாற்றினேன். போனில் கேட்ட பத்திரிகை ஆசிரியர், 'நாலாவது கிளாஸா, பள்ளிக்கூடத்துக் கதையா சார்?' என்றார். பாடம் ஒன்று இருக்கிறது, ஆனால் பிள்ளைகளுக்கு இல்லை என்று சொல்லி வைத்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

கமண்டல நாகநதி வற்றிக் கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம்

[நிறுத்திவிட்டேன். நதியில் தண்ணீர் ஓடினால்தான் அது செய்தி.]

இரண்டாவது முயற்சி:

பட்டுக்குப் பெயர்போன ஆரணியிலே, பரம்பரைச் செல்வந்தரான வேணுகோபால் அவர்கள்

[இது அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வாசகம். அடித்துவிட்டேன்.]

மூன்றாவது முயற்சி:

வேணுகோபாலுக்கு ஆரணியில் பட்டுக் கடை. கடைக்கு மேல் மாடியில் வீடு, அதில் ஓர் ஏசி அறை. வேணுகோபாலின் மனைவி ஜெயம். ஜெயத்தின் தம்பி கமலக்கண்ணன் அமெரிக்காவில் பதினாறு வருஷம் இருந்துவிட்டு, இனி இந்தியாதான் என்று முடிவு செய்து வந்திருக்கிறான். வந்த கையோடு மாமாவையும் ஜரிகை வியாபாரி ஜெயச்சந்திரனையும் சேர்த்துக்கொண்டு, செய்யார் ரோட்டில் ஒரு மனமகிழ் மன்றம் திறக்க ஏற்பாடு செய்கிறான். மனமகிழ் மன்றம் என்றால் வெளியே கேரம் போர்டு, உள்ளே பார். பாருக்கு மேனேஜர் வேண்டும். மேனேஜராக ஒருவனைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அவனைச் சோதித்துப் பார்க்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

இது போதும். அழகாக இல்லை, ஆனால் யார் எங்கே என்று தெரிகிறது.

(ஒரு குறிப்பு. முதல் பிரதியில் வேணுகோபாலின் தோளில் உட்கார்ந்துதான் கதை சொன்னேன். அவர் வீட்டு மாதிரி வீடுகள் எனக்குப் பழக்கம், நானும் அதே நெசவுக்காரத் தெருவில் பிறந்தவன். எழுத எழுதச் சுலபமாக வந்தது. சுலபமாக வந்ததால் சந்தேகப்பட்டு, சோதனைக்கு வந்தவன் பக்கம் மாறி உட்கார்ந்தேன். அங்கே எனக்குப் பாதி விஷயம் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவதுதான் என் தொழில் என்றாலும், சொல்லி வைப்பது நல்லது.)

3

தமிழ்செல்வன் அன்றைக்குக் காபி குடிக்கவில்லை. பழையதுக்கு வெங்காயம் கடித்துக்கொள்ளவில்லை. சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் குளித்தான்.

"மேனேஜர் வேலைக்குப் போறவன் மூஞ்சியா இது? பவுடராவது போட்டுக்கினு போ" என்றாள் அவன் மனைவி கனிமொழி.

"பவுடரு போட்டா மூக்கு பவுடரத்தான் மோந்துகினு இருக்கும்."

"அவங்க இன்னா சொன்னாலும் ஆமான்னு தலைய ஆட்டு. உன் கப்பல் கதையெல்லாம் எடுத்து வுடாத."

கப்பல் கதை என்று அவள் சொன்னது ஒன்பது வருஷம். உல்லாசக் கப்பல் ஒன்றின் பாரில் கிளாஸ் கழுவப் போனவன் தமிழ்செல்வன். கழுவுவதற்கு முன்னால் ஒவ்வொரு கிளாஸையும் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பான். அடியில் ஒரு சொட்டு காய்ந்திருக்கும். அது என்ன சரக்கு என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, பில்லைப் பார்த்துச் சரிபார்ப்பான். முதல் வருஷம் எல்லாம் தப்பு. மூன்றாவது வருஷம் பத்துக்கு எட்டு சரி. ஆறாவது வருஷம் பார் கவுண்டரிலேயே நின்றான், பெயர் குத்திய கோட்டுடன். போர்பன் கேட்கிறவர்களை அவனிடம்தான் அனுப்புவார்கள். அவரவர் பாக்கெட்டுக்கும் நாக்குக்கும் எது சரிப்படும் என்று பார்த்து எடுத்துக் கொடுப்பான்; விலை கூடினது நல்லது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கொரோனாவில் கப்பல் நின்றது. ஊருக்கு வந்தவன் செய்யார் சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தான். காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ். அடியையும் மேல் தோலையும் பசை வைத்து ஒட்டுகிற செக்ஷன். ஐந்து வருஷமாகப் பசை.

போன தை மாசம் ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்து, 'இன்னா கொழம்பு?' என்று கேட்டான். கனிமொழி அடுப்பில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். தெருமுனை வரைக்கும் மணக்கிற கருவாடு. அவனுக்குத் தெரியவில்லை. அவன் பயந்துபோனான். அவளிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அதிலிருந்து வாரம் ஒருமுறை கிராம்பு, காபித் தூள், சூடம் என்று மூன்று டப்பாவைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்க்கிறான். கிராம்பு இன்னும் வருகிறது. சூடம் சில நாள் வருகிறது.

வாழ்க்கையில் அவன் சொந்தமாகச் சம்பாதித்தது அந்த மூக்கு ஒன்றுதான். பசை செக்ஷனில் இன்னும் ஒரு வருஷம் இருந்தால் அதுவும் போய்விடும். இந்த மேனேஜர் வேலை கிடைத்தால் பிழைக்கும். இதுதான் விஷயம். கிண்டல் கதையில் இப்படி ஒரு விஷயம் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நான் நினைக்கவில்லை.

(இன்னொரு குறிப்பு. தமிழ்செல்வனின் அப்பா சடையன், வேணுகோபாலின் அப்பா நடத்திய சாயப்பட்டறையில் முப்பது வருஷம் தண்ணீர் சுமந்தவர். பட்டறையில் அவருக்கு டீயை எதில் ஊற்றிக் கொடுத்தார்கள் என்று இந்த இடத்தில் எழுதவேண்டும். எழுதவில்லை. சிரிக்க வந்தவர்களிடம் அதையெல்லாம் எதற்குச் சொல்லவேண்டும் என்று விட்டுவிட்டேன்.)

4

இப்போது மாடி. நீங்களும் வாருங்கள்.

மேஜை மேல் நாலு பாட்டில். கமலக்கண்ணனும் அவன் மனைவி பானுப்ரியாவும் ஆளுக்கு இரண்டாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. எது என்ன என்று தெரியக்கூடாது என்பதற்காக, கடையில் மிஞ்சிய பட்டு ரவிக்கைத் துண்டுகளைச் சுற்றி, கழுத்தில் ஜரிகை நூலால் கட்டியிருந்தார்கள். அரக்கு, மயில்கழுத்து, கிளிப்பச்சை, மாம்பழம். நாலு பெண்கள் சீமந்தத்துக்கு வந்து நிற்கிற மாதிரி இருந்தன. பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய பிஸ்கட்.

"இது இன்னாக்கா?" என்றான் கமலக்கண்ணன்.

"போர்பன் டேஸ்ட் பாக்கப் போறோம்னு உங்க மாமாதான் சொன்னாரு. அதான் ரெண்டு கம்பெனிது வாங்கியாந்தேன். எனக்கு இன்னா தெரியும்" என்றாள் ஜெயம். அவளுக்குத் தெரியாதா, தெரிந்தே வைத்தாளா என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. முகத்தை அப்படி வைத்திருந்தாள்.

கிளாஸும் அமெரிக்காவிலிருந்துதான் வந்திருந்தது. நாலு கிளாஸ் கொண்ட செட்டு. தாமரை மொட்டு மாதிரி அடி பருத்து வாய் குறுகியது. வாசனை அடியில் தங்கி, குறுகிய வாய் வழியாக நேரே மூக்குக்கு ஏறும். வேணுகோபாலுக்கு ஒன்று. ஜெயச்சந்திரனுக்கு ஒன்று. கமலக்கண்ணனுக்கு ஒன்று. நாலாவது உங்களுக்கு. ஆமாம் வாசகரே, உங்களுக்குத்தான். இவ்வளவு தூரம் படியேறி வந்திருக்கிறீர்கள், வெறுங்கையோடு உட்கார வைத்தால் மரியாதையாக இருக்காது. கமலக்கண்ணனுக்குப் பக்கத்தில் ஒரு குஷன் நாற்காலி காலியாக இருக்கிறது, உட்காருங்கள். பழக்கம் இல்லையென்றால் சும்மா கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பார்க்க நன்றாக இருக்கும்.

தமிழ்செல்வன் வந்ததும் வேணுகோபாலின் மூக்கு லேசாகச் சுருங்கியது. எத்தனை முறை குளித்தாலும் ஷூ கம்பெனி வாசம் தோலில் கொஞ்சம் தங்கிவிடும். ஜெயச்சந்திரன் நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினார். ஏசி காற்று நேராக அடிக்கிறது என்று காரணம் சொன்னார்.

"வாப்பா தமிழு. சடையன் புள்ளதானே நீ? ஒக்காரு, ஒக்காரு" என்றார் வேணுகோபால். ஸ்டெபிலைசர் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. தமிழ்செல்வன் உட்கார்ந்தான்.

கமலக்கண்ணன் பாடம் எடுத்தான். "மொதல்ல கலரு. அப்பறம் மூக்கு. அப்பறம் நாக்குல ஒரு சுத்து. அப்பறம் பாடி. கடைசியா ஃபினிஷ், அதாவது முழுங்கினதுக்கு அப்பறம் தொண்டையில எவ்ளோ நேரம் நிக்குதுன்னு."

"பாடின்னா ஒடலா?" என்று வேணுகோபால் நிமிர்ந்தார். பட்டுப் புடவைக்கு உடல், கரை, முந்தி என்று மூன்று உண்டு. "ஒடலு இருக்குதுன்னா கரை எது கமலு? முந்தி எது?"

"அந்த ஃபினிஷுதான் மாமா முந்தி."

"அப்பிடிச் சொல்லு" என்று வேணுகோபால் தெம்பாகிவிட்டார். அதன்பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. அரக்கை ஒரு வாய் குடித்துவிட்டு உடல் கனம், முந்தி கிராண்டு என்றார். மயில்கழுத்துக்கு உடல் இருக்கிறது, முந்தி சுமார் என்றார். கிளிப்பச்சையை விழுங்கிவிட்டு, இது டெய்லி கட்டுகிற ரகம் என்று தள்ளினார். ஜெயச்சந்திரனோ முப்பது வருஷமாக ஜரிகையைக் கல்லில் உரசி வெள்ளி எவ்வளவு என்று பார்த்தவர். அவர் கிளாஸில் விரலை விட்டு, ஒரு சொட்டைக் கட்டைவிரலால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. "பட்டு மாதிரி இதையும் எரிச்சுப் பாத்தா அசலா இல்லையான்னு தெரிஞ்சிடும்" என்று தீப்பெட்டி கேட்டார். கமலக்கண்ணன் பதறித் தடுத்தான்.

மார்க் போட்டார்கள். அரக்கு பத்துக்கு ஒன்பது. மாம்பழம் ஏழு. மயில்கழுத்து ஆறு. கிளிப்பச்சை நாலு. துணி சுற்றி மறைத்து என்ன பிரயோசனம். அரக்கை ஊற்றும்போது மட்டும் கமலக்கண்ணனின் புருவம் ஒரு இஞ்ச் ஏறியது, அளவும் ஒரு விரல் குறைந்தது. தொண்ணூறு டாலர் பாட்டில் எது என்று தெரிந்துகொள்ள அதற்குமேல் என்ன வேண்டும்.

"அரக்குல பழைய தோல் வாசனை வருது, கவனிச்சிங்களா?" என்றான் கமலக்கண்ணன், கண்ணை மூடிக்கொண்டு.

"ஆமாமா. தோலு. அருமையான தோலு" என்றார் வேணுகோபால்.

"ஒசந்த தோலு" என்றார் ஜெயச்சந்திரன்.

தோல் வாசனை கிளாஸில் வந்தால் ஒன்பது மார்க். அதே வாசனை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் நாற்காலி ஒரு சாண் நகரும்.

தமிழ்செல்வனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். அவன் மனம் வேறு இடத்தில் இருந்தது. கமலக்கண்ணன் ஊற்றியபோது கிளிப்பச்சையிலிருந்து ஏதோ ஒன்று அறையைத் தாண்டி அவன் வரைக்கும் வந்தது. கருப்பட்டிப் பாகு, அதற்கு அடியில் நெருப்பில் வாட்டிய மரம். வந்ததா, வந்த மாதிரி நினைத்தானா? வந்தது என்றால் மூக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்தக் கூட்டம் ஓரம் தள்ளின அந்த நாலு மார்க் பாட்டில்தான் கண்ணை மூடிக்கொண்டு பெட்டி பெட்டியாக வாங்கவேண்டிய சரக்கு. ஆனால் அதை அடித்துச் சொல்ல, கிளாஸில் ஊற்றி ஒருதரம் நன்றாக மோந்து பார்க்கவேண்டும். ஐந்து வருஷமாக அப்படி ஒரு கிளாஸை அவன் தொட்டதில்லை. 

"இப்ப தமிழு சொல்லட்டும்" என்றார் வேணுகோபால்.

கிளாஸ் தீர்ந்துவிட்டதால், கார் டிரைவர்களுக்கு டீ கொடுப்பதற்காக அறை மூலைக் கவுண்டருக்கு அடியில் வைத்திருக்கிற யூஸ் அண்ட் த்ரோ கப் ஒன்றை எடுத்து, அதில் கிளிப்பச்சையை ஊற்றித் தமிழ்செல்வனிடம் நீட்டினான் கமலக்கண்ணன். தமிழ்செல்வன் அதை வாங்கி

5

வாக்கியம் அங்கே நிற்கிறது. ஏனென்றால் கலையரசி போன் செய்தாள்.

கலையரசி பெரணமல்லூரில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறாள். என் கையெழுத்தைப் படிக்கக்கூடிய ஒரே ஜீவன். நான் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவேன், அவள் அடித்துக்கொண்டே வருவாள், வழியில் என் றகர ரகரங்களைத் திருத்துவாள். கதையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"சார், ஒரு டவுட்டு. கிளாஸு எத்தினி?"

"நாலும்மா. செட்டு."

"ரூம்ல ஆளு?"

"நாலு. வேணுகோபாலு, ஜெயச்சந்திரன், கமலக்கண்ணன், தமிழ்செல்வன்."

"அப்ப கப்பு எதுக்கு சார்?"

"ஒரு கிளாஸ வாசகருக்குக் குடுத்துட்டேனே. நீ அடிச்சியே அந்த எடம்."

"அடிச்சேன். வாசகரு வந்து குடிக்கப் போறாரா?"

நான் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.

"இல்ல, கேட்டுக்கறேன் சார். நீங்க வேணும்னே எழுதுனதா, இல்ல தானா வந்துடுச்சா?"

"வேணும்னேதாம்மா. அது ஒரு உத்தி" என்றேன்.

"உத்தின்னா சரி சார்" என்றாள். அந்தப் பக்கம் விசைகளைத் தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. "'ஊற்றி'க்கு ஒத்தை றி போதாது, உங்க எழுத்துல ரெண்டு எடத்துல நடுவுல வர்ற ற்-ஐயே விட்டுட்டீங்க. போட்டுட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உத்தி என்று சொன்னது பச்சைப் பொய். தானாகத்தான் வந்தது. கிளாஸ் தீர்ந்துவிட்டதால் என்று எழுதும்போது என் கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. அந்த வீட்டில் எவர்சில்வர் டம்ளர் இல்லையா, கண்ணாடி டம்ளர் இல்லையா? ஜெயத்தின் அலமாரியில் கல்யாணத்துக்கு வந்ததே நாற்பது இருக்கும். எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கவுண்டருக்கு அடியில் இருந்த காகிதக் கப்தான் நேராகக் கைக்கு வந்தது.

எங்கிருந்து வந்தது என்று பார்க்க என் வீட்டுச் சமையலறைக்குப் போனேன். ஃபிரிட்ஜ் மேல் ஒரு பாக்கெட் யூஸ் அண்ட் த்ரோ கப், பாதி காலி. கொரோனா சமயத்தில் சுத்தத்துக்காக வாங்க ஆரம்பித்தது. தண்ணீர்த் தொட்டி கழுவ வருகிறவர், தேங்காய் பறிக்க வருகிறவர், சாக்கடை அடைத்துக்கொண்டால் வருகிறவர். பத்திரிகை ஆசிரியர் வந்தபோது அந்தப் பாக்கெட்டை எடுக்கவில்லை. கொரோனா அவரைத் தொடாது போலிருக்கிறது.

சடையனுக்குச் சாயப்பட்டறையில் டீ கொடுத்தது கொட்டாங்கச்சியில். அதைத் தூக்கி எறியமாட்டார்கள், அவரே கழுவி வேலியில் செருகி வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது முன்னேறியிருக்கிறோம். கழுவுகிற வேலை மிச்சம்.

6

இனி முடிவு. கைவசம் மூன்று இருந்தன. எல்லாவற்றையும் கலையரசிக்கு அனுப்பினேன்.

முடிவு அ: தமிழ்செல்வன் காகிதக் கப்பை வாங்கி, கண்ணை மூடி, ஒரே இழுப்பில் மோந்து, இது இன்ன மாநிலத்துச் சரக்கு, இத்தனை வருஷம் பீப்பாயில் கிடந்தது, விலை இருபத்திரண்டு டாலர், உங்கள் தொண்ணூறு டாலர் அரக்கை இது தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று சொல்கிறான். துணியை அவிழ்த்துப் பார்த்தால் அத்தனையும் சரி. வேணுகோபால் எழுந்து வந்து கட்டிக்கொள்கிறார். வேலை கிடைத்துவிடுகிறது.

[அனுப்பிய ஐந்தாவது நிமிஷம் பதில்: "ஜெயிச்சாதான் கிளாஸ் குடுப்பாங்களா சார்?" அடித்துவிட்டேன். தவிர, மெழுகும் பசையுமாக நாறுகிற கப்பில் அப்படி மோப்பம் பிடிக்க யாராலும் முடியாது. திறமையைப் பற்றி எழுதுகிறவன் தொழிலையாவது ஒழுங்காக எழுதவேண்டும்.]

முடிவு ஆ: தமிழ்செல்வன் கப்பைக் கசக்கி வேணுகோபாலின் முகத்தில் எறிந்துவிட்டு, ஏசி அறையின் கதவு அதிர வெளியேறுகிறான்.

[இதற்குக் கைதட்டல் கிடைக்கும். எனக்கு. அவனுக்குக் காலை ஐந்து மணிக் கம்பெனி பஸ் கிடைக்கும். கலையரசி இதற்குப் பதிலே அனுப்பவில்லை.]

முடிவு இ: ஜெயச்சந்திரன் கடைசியில் தீக்குச்சியைக் கிழித்துவிடுகிறார். அரக்குத் துணி பற்றிக்கொள்கிறது, பிறகு மயில்கழுத்து, பிறகு

[வழி தெரியாமல் விழிக்கிற எழுத்தாளர்கள் எல்லாரும் கடைசியில் எதையாவது கொளுத்துகிறார்கள். நான் ஒருவனாவது கொளுத்தாமல் இருக்கிறேன். "அது அசல் பட்டு சார், அவ்ளோ சீக்கிரம் பத்தாது" என்று கலையரசியும் எழுதியிருந்தாள். இருபத்திரண்டு வருஷம் கடையில் இருந்த எனக்கு அது தோன்றவில்லை.]

இன்னொரு யோசனையும் இருந்தது. நாலாவது கிளாஸை உங்களுக்குக் கொடுத்த அந்தப் பத்தியையே எடுத்துவிடுவது. ஆளுக்கு ஒரு கிளாஸ், கணக்கு நேராகிவிடும், கப்பும் வேண்டாம், கலையரசியின் கேள்வியும் வேண்டாம். ஆரணியில் ஓர் அறையில் நாலு பேர் சமமாக உட்கார்ந்து குடித்தார்கள் என்று கதை சுத்தமாக முடியும். ஒரு பகல் பூராவும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பத்தியை அடித்தால் போதும், நானும் நல்லவன், வேணுகோபாலும் நல்லவர். பேனாவை எடுத்தேன். வெட்கமாக இருந்தது, வைத்துவிட்டேன்.

7

ஆகவே அந்த வாக்கியம் எங்கே நின்றதோ அங்கேயே போகிறோம்.

தமிழ்செல்வன் அதை வாங்கிப் பார்த்தான். கப்பின் மேல் ஒரு சின்ன ரோஜாப்பூ அச்சடித்திருந்தது. விளிம்பில் பசை ஒட்டிய தையல். பசை. மூக்கருகே கொண்டுபோகாமலே அவனுக்கு அது தெரிந்தது. இந்த அறையில் அவன் மூக்கு சந்தேகமில்லாமல் கண்டுபிடித்த முதல் வாசனை அதுதான்.

எதிரே நாலு கிளாஸ். டியூப்லைட் வெளிச்சத்தில் மினுமினுத்தன. அந்த மாதிரிக் கிளாஸை அவன் ஆயிரக்கணக்கில் கழுவியிருக்கிறான், துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலைகீழாக மாட்டியிருக்கிறான்.

கனிமொழி சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. ஆமான்னு தலைய ஆட்டு. ஆட்டினால் வேலை கிடைத்துவிடும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. அரக்குதாங்க ஒசத்தி என்று சொன்னால் முடிந்தது கதை. கப்பைத் தூக்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொல்லலாம். அடுத்த மாசத்திலிருந்து பசை கிடையாது. மூக்கு பிழைத்துக்கொள்ளும்.

பிழைத்து எதற்கு என்று அவனுக்குத் தோன்றியது. கோபம் வந்தது. கப்பைத் தரையில் வைத்தான்.

"இதுல பாக்க முடியாதுங்க" என்றான்.

"ஏம்ப்பா?" என்றார் வேணுகோபால்.

"பேப்பரு வாசந்தாங்க வரும். கிளாஸு வேணும்."

"அட, இதுல இன்னாப்பா இருக்குது. ஜல்தியா பாத்துச் சொல்லு. ரெண்டுலயும் உள்ள ஊத்துனது ஒண்ணுதானே."

"ஒண்ணுதாங்க" என்றான் தமிழ்செல்வன். குரலை உயர்த்தவில்லை. "அப்ப நீங்க இதுல பாருங்க. நான் அதுல பாக்கறேன்."

 ஜெயச்சந்திரன் தன் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதற்குள் ஏதோ எழுதியிருக்கிற மாதிரிக் குனிந்து பார்த்தார். வேணுகோபாலின் காது சிவந்தது. அவர் கெட்டவர் இல்லை, சடையன் செத்தபோது தலைமாட்டில் மாலை வைத்தவர். உடலை வாசலில் கிடத்தியிருந்தார்கள், அது வரைக்கும் போய் வைத்தார். ஒரு கிளாஸை நீட்டுவது இவ்வளவு கனமான வேலை என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும். கதவருகே ஜெயம் பிஸ்கட் தட்டோடு நின்றிருந்தாள். அவள் தம்பியைப் பார்த்தாள்.

"செட்டுல நாலுதான்க்கா இருக்குது" என்றான் கமலக்கண்ணன், கேட்காத கேள்விக்குப் பதிலாக. "எனக்கு ஒண்ணு, மாமாக்கு ஒண்ணு, சந்திரன் சாருக்கு ஒண்ணு."

"நாலாவது?" என்றாள் ஜெயம்.

இப்போது எல்லோரும் கமலக்கண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

உங்களைத்தான். நான்காவது பகுதியில் நான் கொடுத்தபோது நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சோதனைக்கு வந்தவனுக்குக் கொடுத்துவிட்டு எனக்குக் கொடு என்றும் கேட்கவில்லை. நானும் கேட்டுக் கொடுக்கவில்லை, தப்பு பாதிக்குமேல் என்னுடையது. ஆனால் என் கையில் இப்போது பேனா மட்டும்தான் இருக்கிறது. கிளாஸ் உங்கள் கையில் இருக்கிறது, இவ்வளவு நேரம் பிடித்திருந்ததில் சூடாகக்கூட ஆகியிருக்கும்.

தமிழ்செல்வன் ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்கிறான். கையை நீட்டவில்லை. ஒரு தடவை கேட்டாயிற்று, இன்னொரு தடவை கேட்கமாட்டான்.